அனிமே டிஸ்க் வாங்கிய இருபது ஆண்டு அனுபவம்: பொருள் நல்லது, விற்ற விதம்தான் பிரச்சினை

நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்த 2003-ஆம் ஆண்டிலிருந்து அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், டிஸ்க்குகள் வாங்கி வருகிறேன். முதலில் டிவிடி, அப்புறம் புளூரே, அவ்வப்போது ஜப்பானிலிருந்து நேரடி இறக்குமதி. "எல்லாம்தான் ஆன்லைனில் கிடைக்கிறதே, இவ்வளவு காசு போட்டு ஏன் வாங்குகிறீர்கள்?" என்று புதிதாக அனிமே பார்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. இருபது வருடம் புழங்கிய பிறகு எழுதியதைத் தமிழில் நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் என்பது நல்ல பொருள். இன்றைக்கும் வாங்குகிறேன், இனியும் வாங்குவேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய ரசிகருக்கு, காசு கொடுக்காதவரைவிடக் குறைவாகவே கிடைத்த காலம் ரொம்ப நீண்டது. ரசிகர்களின் கோபத்தைக் கஞ்சத்தனம் என்று சொல்லிக் கடந்து போகிறவர்களுக்கு அந்தக் காலம் தெரியாது.

நான் வாங்க ஆரம்பித்தபோது அனிமே தனித்தனி வால்யூமாகத்தான் வரும். ஒரு டிஸ்க்கில் மூன்று, நான்கு, அதிகம் போனால் ஐந்து எபிசோடு. அட்டையில் போட்ட விலை பெரும்பாலும் 29.98 டாலர். அடுத்த டிஸ்க் வர இரண்டு மாதம் ஆகும். கௌபாய் பீபாப் மொத்தம் 26 எபிசோடுதான், அது 6 டிஸ்க்காக வந்தது. முழுத் தொடரையும் வாங்க ஏறத்தாழ 180 டாலர். அதே கடையில், அடுத்த அலமாரியில், ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முழு சீசன் 40, 50 டாலருக்குப் பெட்டியாக இருக்கும். அனிமே என்றால் மட்டும் ஏன் இப்படி என்று கடைக்காரரைக் கேட்டால், "இது இம்போர்ட் சரக்கு" என்பார். ஆனால் மூலப் பிரதியான மாஸ்டர் மட்டும்தான் ஜப்பானிலிருந்து வரும். டிஸ்க் அச்சடிப்பது, டப் செய்வது எல்லாம் இங்கேதான்.

இந்த வால்யூம் முறையில் ஒரு தனி வியாபாரம் உண்டு: ஆர்ட் பாக்ஸ். முதல் வால்யூமைச் சாதாரணமாக வாங்கலாம், அல்லது பத்து டாலர் கூடக் கொடுத்துத் தடித்த அட்டைப்பெட்டியோடு வாங்கலாம். முழுத் தொடரும் அடங்கும் அளவுக்குப் பெட்டி அகலமாக இருக்கும். முதல் நாள் அதில் ஒரே ஒரு டிஸ்க்தான் நிற்கும், மீதி இடம் காலி. சில நிறுவனங்கள் அந்த இடத்தை அடைக்க உள்ளே ஒரு வெற்று அட்டையை மடித்து வைத்திருக்கும். அடுத்தடுத்த வால்யூம் வர வர அந்த அட்டையை எடுத்துவிட்டு டிஸ்க்கைச் சொருக வேண்டும். பெட்டி நிரம்பும்போது முதுகுப்பக்கங்கள் சேர்ந்து ஒரு முழுப்படமாகத் தெரியும். அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. என்னிடம் அப்படி நிரம்பிய பெட்டிகள் இருக்கின்றன, நிரம்பாத ஒன்றும் இருக்கிறது. நான்கு வால்யூம் வந்த பிறகு அதை வெளியிட்ட நிறுவனம் கடையைச் சாத்திவிட்டது. கதை பாதியில் நிற்கிறது, முதுகுப்படத்தில் கதாநாயகியின் பாதி முகத்தைக் காணோம். பிற்பாடு வேறொரு நிறுவனம் அதே தொடரை முழு செட்டாகப் போட்டது. மீதிக் கதைக்காக முதல் நான்கு வால்யூமையும் சேர்த்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளில் இது பலருக்கும் நடந்தது. 2006 ஜனவரியில் சன்கோஸ்ட், சாம் குடி கடைகளை நடத்திய மியூசிக்லேண்ட் திவாலானது. அனிமேக்கு நிறைய இடம் ஒதுக்கியிருந்த கடைகள் அவை. டிஸ்க் வெளியிட்ட நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் போயின: 2007 செப்டம்பரில் ஜெனியன், தன் அமெரிக்க விநியோகத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 2009-இல் சென்ட்ரல் பார்க் மீடியா திவால், அதே ஆண்டு ஏடிவி ஃபிலிம்ஸ் மூடல். 2012-இல் பண்டாய் என்டர்டெயின்மென்ட் புதிய வெளியீடுகளை நிறுத்தியது. டவுன்லோடு செய்தவர்கள்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் முப்பது டாலருக்கு மூன்று எபிசோடு என்று விற்றுக்கொண்டிருந்தது யார்? கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு தொடரை முடிக்க ஒரு வருடமும் இருநூறு டாலரும் ஆகும் என்றால், அவன் என்ன செய்வான் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வாங்க வைத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவாஞ்சலியன் நல்ல உதாரணம். 26 எபிசோடு. ஏடிவி அதை முதலில் விஎச்எஸ் டேப்பில், டேப்புக்கு இரண்டு எபிசோடாக, 13 டேப்பில் விற்றது. அப்புறம் 8 டிவிடி. அப்புறம் கடைசி எபிசோடுகளின் டைரக்டர்ஸ் கட் தனியாக இரண்டு டிஸ்க். அது முடிந்த கையோடு படத்தையும் ஒலியையும் சீர்செய்த பிளாட்டினம் பதிப்பு, 7 டிஸ்க். முதலிலிருந்து விசுவாசமாக வாங்கிய ரசிகர்தான் அதிகம் செலவழித்தவர். பொறுமையாகக் காத்திருந்தவருக்கு நல்ல பதிப்பு குறைந்த விலையில் கிடைத்தது. இதை ரசிகர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 2010 வாக்கில் ஃபனிமேஷன் என்ற அமெரிக்க நிறுவனம் பழைய தொடர்களை முழு செட்டாக, பச்சைப் பட்டை போட்ட எஸ்.ஏ.வி.இ. வரிசையில் சல்லிசாக விடத் தொடங்கியபோது என் நண்பர்கள் பலர் வெளியீட்டு நாளில் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த வரிசை பிடிக்கும், நிறைய வாங்கினேன். அதே விலையை முதல் நாளே வைத்திருந்தால் இன்னும் நிறைய பேர் வாங்கியிருப்பார்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஜப்பானில் விலை ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. அங்கே அனிமே டிஸ்க் எந்தக் காலத்திலும் எல்லோரும் வாங்கும் பொருளாக இருந்ததில்லை. 1983-இல் டல்லோஸ் வந்து, நேரடியாக வீடியோவுக்கென்றே அனிமே எடுப்பது தொடங்கியபோதே, பொதுமக்கள் வாடகைக்கு எடுப்பார்கள், தீவிர ரசிகர்கள் மட்டும் வாங்குவார்கள் என்ற கணக்கில்தான் விலை அமைந்தது. பின்னால் நள்ளிரவுத் தொடர்கள் பெருகின. அவற்றை எடுப்பது 'தயாரிப்புக் குழு'. டிஸ்க் நிறுவனம், இசை நிறுவனம், பதிப்பகம், விளம்பர நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடும். நள்ளிரவு நேரத்துக்கும் அந்தக் குழுவே சேனலுக்குப் பணம் கட்டும். போட்ட பணத்தை எடுக்க டிஸ்க் விற்பனை முக்கியமான வழி. எனவே இரண்டு எபிசோடு கொண்ட டிஸ்க் 6000, 7000 யென். சில ஆயிரம் பேர் வாங்கினாலே போதும். உள்ளே நிகழ்ச்சி டிக்கெட்டுக்கான குலுக்கல் சீட்டு, புது ஓவிய அட்டை, குறுநாடக சிடி எல்லாம் இருக்கும். வாங்குகிறவர், தொடரை ஏற்கெனவே டிவியில் இலவசமாகப் பார்த்துவிட்டவர். அவர் கொடுப்பது ஒரு வகையில் ஆதரவுத் தொகை. அந்த ஊரில் அது நியாயமாகவே படுகிறது எனக்கு.

அதே விலையை இங்கே கொண்டுவந்தபோதுதான் வயிறு எரிந்தது. இங்கே பெரும்பாலான தொடர்களை டிவியில் இலவசமாகப் பார்க்க வழியில்லை. டிஸ்க் வாங்கினால்தான் முதல் தடவையே பார்க்க முடியும். 2005-இல் தொடங்கிய பண்டாய் விஷுவல் யுஎஸ்ஏ, ஜப்பானிய விலைக்கு நெருக்கமாகவே இங்கே விற்றுப் பார்த்தது. ராயல் ஸ்பேஸ் ஃபோர்ஸ் என்ற ஒற்றைப் படத்தின் புளூரே 80 டாலர். 2008-இல் அந்த நிறுவனமே பண்டாய் என்டர்டெயின்மென்ட்டோடு இணைக்கப்பட்டது. பாடம் படித்துவிட்டார்கள் என்று நினைத்தோம். அடுத்து அனிப்ளெக்ஸ் ஆஃப் அமெரிக்கா. 2011-இல் காரா நோ கியோகாய் படங்களின் புளூரே பெட்டியை இறக்குமதியாகச் சுமார் 400 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். மடோகா மாஜிகா 12 எபிசோடுதான், அது 3 வால்யூமாக வந்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அனிப்ளெக்ஸ் பெட்டிகளின் தரம் உயர்ந்தது. தாள், அச்சு, படத்தின் தெளிவு எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆடம்பரம் வேண்டாம், டிஸ்க் மட்டும் போதும் என்கிறவனுக்குச் சாதாரணப் பதிப்பு பல தொடர்களுக்கு வரவே இல்லை.

2018-இல் செண்டாய் நிறுவனம் லெஜண்ட் ஆஃப் தி கலாக்டிக் ஹீரோஸ் பெட்டியை 799.98 டாலருக்கு அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். 110 எபிசோடால் வகுத்தால் எபிசோடுக்கு ஏழு டாலர் சொச்சம். பழைய 29.98 டாலர் வால்யூம் காலத்துக் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். இருபது வருடத்தில் டிவிடி போய் புளூரே வந்து ஸ்ட்ரீமிங்கும் வந்துவிட்டது, எபிசோடு விலை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதிலும் பழைய முறையில் மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், இதில் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். அந்தத் தொடரை முப்பது வருடமாக ரசிகர்களே சப்டைட்டில் போட்டுப் பகிர்ந்த ஃபேன்சப்பில் மட்டுமே பார்த்து, பிறருக்கும் அறிமுகப்படுத்தி உயிரோடு வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய வருத்தம்.

விலையைவிட எனக்கு அதிகம் உறுத்தியது வேறொன்று. டிஸ்க்குகளில் ரீஜன் பூட்டு உண்டு, ஒரு ரீஜனுக்கான டிஸ்க் வேறு ரீஜன் பிளேயரில் ஓடாது. டிவிடியில் அமெரிக்கா ரீஜன் 1, ஜப்பான் ரீஜன் 2. புளூரே வந்ததும் இரண்டும் ஒரே ரீஜன் ஏ ஆகிவிட்டன. அமெரிக்காவில் மலிவாக விற்கும் டிஸ்க்கை ஜப்பான்காரர்கள் வரவழைத்துவிடுவார்கள் என்ற பயம் அங்கே வந்தது. அதைத் தடுக்க அமெரிக்கப் பதிப்பைத் தாமதப்படுத்தினார்கள், இல்லாவிட்டால் குறைத்துக் கொடுத்தார்கள். 2012-இல் செண்டாய் வெளியிட்ட பெர்சோனா 4 தொடரின் புளூரேயில் ஜப்பானிய ஒலியே கிடையாது, ஆங்கில டப் மட்டும்தான். ஜப்பானிய ஒலி வேண்டுமென்றால் தெளிவு குறைந்த டிவிடியை வாங்க வேண்டும். வேறு பல டிஸ்க்குகளில் ஜப்பானிய ஒலியைத் தேர்ந்தெடுத்தால் சப்டைட்டில் தானாக ஒட்டிக்கொள்ளும். ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தானை அழுத்தினால் திரையின் மூலையில் ஒரு தடை அடையாளம் வந்து போகும், அவ்வளவுதான். நான் கொஞ்சம் ஜப்பானிய மொழி கற்றவன். சப்டைட்டில் இல்லாமல் கேட்டுப் பழக ஆசைப்பட்டு வாங்கிய டிஸ்க்கில், காசு கொடுத்த எனக்கு அதை அணைக்க உரிமை இல்லை. திருட்டுத்தனமாக இறக்கிய கோப்பில் இரண்டு ஒலியும் இருக்கும், சப்டைட்டிலை விருப்பம்போல் அணைக்கலாம், ரீஜன் தடையும் கிடையாது. நேர்மையாக வாங்கியவருக்குத்தான் பூட்டு. இருபது வருடத்தில் என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது இதுதான்.

ரீஜன் தொல்லை ஊருக்குப் போனபோதும் விடவில்லை. கோவையில் அண்ணன் மகனுக்கு அனிமே என்றால் உயிர். அவனுக்காக ஒரு முழுத் தொடரின் புளூரே செட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்து எடுத்துப் போனேன். இந்தியா ரீஜன் சி. அவன் வீட்டு பிளேயரில் போட்டதும், "சித்தப்பா, இது ஓட மாட்டேங்குது" என்றான். சட்டப்படி வாங்கிய டிஸ்க், சட்டப்படி வாங்கிய பிளேயர். அந்தத் தொடருக்கு இந்திய டிஸ்க்கே கிடையாது என்பதால் யாருடைய விற்பனையும் இதில் கெட்டுவிடாது. ஆனாலும் ஓடாது.

இதற்கும் மேலே, விலை கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்கவே முடியாத தொடர்கள் உண்டு. மாக்ராஸ் அதற்கு நல்ல சாட்சி. 1985-இல் ஹார்மனி கோல்ட் நிறுவனம் மாக்ராஸையும் வேறு இரண்டு தொடர்களையும் ஒட்டி ரோபோடெக் ஆக்கியது. அப்போது பெற்ற உரிமம் எதுவரை செல்லும், மாக்ராஸ் பெயரை வெளிநாட்டில் யார் பயன்படுத்தலாம் என்ற தகராறு பல ஆண்டுகள் இழுத்தது. 2008-இல் வந்த மாக்ராஸ் ஃபிரான்டியர் அமெரிக்காவில் சட்டப்படி கிடைக்கவே இல்லை. ஜப்பானிய நிறுவனம் பிக்வெஸ்டும் ஹார்மனி கோல்டும் 2021 ஏப்ரலில்தான் உடன்பாட்டுக்கு வந்தன. அந்தத் தொடரை இருபது வயதில் விரும்பியவர் உடன்பாடு வந்தபோது முப்பத்துமூன்றை எட்டியிருப்பார். அதுவரை அவர் ஜப்பானிய விலைக்கு இறக்குமதி செய்திருக்க வேண்டும், இல்லை திருட்டுப் பிரதிதான். மூன்றாவது வழி எதையும் யாரும் அவருக்குத் தரவில்லை.

ஸ்ட்ரீமிங் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. 2009 ஜனவரியில் கிரஞ்சிரோல் என்ற இணையச் சேவை, நருட்டோ ஷிப்புடென் தொடரை ஜப்பானில் ஒளிபரப்பான சூட்டோடு சட்டப்படி தரத் தொடங்கியது. மாதம் 6.95 டாலர். என் நண்பர்களில் டவுன்லோடு செய்துகொண்டிருந்தவர்கள் பலர் அந்த ஆண்டே சந்தா கட்டினார்கள். விலை நியாயமாக, பொருள் நேரத்துக்குக் கிடைத்தால் ரசிகர்கள் காசு கொடுப்பார்கள் என்பது அன்றைக்கே நிரூபணமானது. 2017-இல் அமேசான் அனிமே ஸ்ட்ரைக் என்று தொடங்கி, பிரைம் சந்தாவுக்கு மேல் மாதம் 4.99 டாலர் கேட்டது. மேட் இன் அபிஸ் அந்த இரட்டைச் சந்தாவுக்குள் மாட்டிக்கொண்டது. ஒரே வருடத்தில், 2018 ஜனவரியில், அந்தச் சேவையைக் கைவிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸோ, 2017 ஜனவரி முதல் ஜப்பானில் வாராவாரம் ஒளிபரப்பான லிட்டில் விட்ச் அகாடமியாவை மற்ற நாடுகளுக்கு ஜூன் கடைசியில்தான் திறந்தது. இணையத்தில் எல்லோரும் பேசி முடித்த பிறகு நாம் முதல் எபிசோடு பார்க்க வேண்டும்.

2019 ஜூனில் எவாஞ்சலியன் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வரும் 'ஃப்ளை மீ டு தி மூன்' பாடல், ஜப்பானுக்கு வெளியே நீக்கப்பட்டிருந்தது. பாட்டுக்கு வேறு உரிமம், வேறு பணம். பழைய ஆங்கில டப்பும் இல்லை. 2021-இல் ஜிகிட்ஸ் நிறுவனத்தின் புளூரே வந்தபோதும் அந்தப் பழைய டப் சாதாரணப் பதிப்பில் இல்லை, விலை கூடிய பதிப்புகளில் மட்டுமே இருந்தது. பாடலோடு முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் இன்றும் என் பழைய டிவிடிகளைத்தான் எடுக்கிறேன். படம் கொஞ்சம் மங்கல், ஆனால் எல்லாம் இருக்கிறது.

2021 ஆகஸ்டில் சோனி, தன் கையிலிருந்த ஃபனிமேஷன் வழியாக, 117.5 கோடி டாலருக்குக் கிரஞ்சிரோலை வாங்கி முடித்தது. 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி ஃபனிமேஷனின் ஸ்ட்ரீமிங் சேவை மூடப்பட்டது. புளூரே பெட்டிக்குள் வரும் குறியீட்டை அந்தச் சேவையில் பதிந்து டிஜிட்டல் பிரதி வைத்திருந்தவர்களுக்கு அவை எதுவும் கிரஞ்சிரோலுக்கு மாறவில்லை. அந்தப் பிரதிக்கும் சேர்த்துத்தானே டிஸ்க் விலையில் பணம் கொடுத்தார்கள்? பெட்டியில் டிஸ்க் இருந்ததால் அவர்களுக்கு ஓரளவு மிச்சம். குறியீட்டை எடுத்த கையோடு டிஸ்க்கை விற்றவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

இந்தியாவில் இருக்கும் ரசிகர்கள் நிலை விலை விஷயத்தில் பரவாயில்லை. 2022-இல் கிரஞ்சிரோல் இந்திய விலையை மாதம் 79 ரூபாயிலிருந்து வைத்தது, மியூஸ் ஏசியா யூடியூபிலேயே முழுத் தொடர்களை இலவசமாகப் போடுகிறது, தமிழ் டப்பும் வர ஆரம்பித்திருக்கிறது. அந்தந்த ஊர்ச் சம்பளத்துக்கு ஏற்ற விலை வைக்க முடியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

நல்லபடி விற்றவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். அயோவாவின் ரைட் ஸ்டஃப் கடையை மறக்கவே முடியாது. வாரம் ஒரு நிறுவனத்தின் சரக்குக்குத் தள்ளுபடி, மூலை நசுங்காத பேக்கிங். அதையும் 2022-இல் கிரஞ்சிரோல் வாங்கி, அடுத்த ஆண்டு அக்டோபரில் தன் கடையோடு கலந்துவிட்டது. அனிமெய்கோ நிறுவனம் 2013-இல் பபிள்கம் கிரைசிஸ் புளூரேக்கு, மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் முன்பணம் கேட்டபோது ரசிகர்கள் தயங்காமல் கொடுத்தார்கள். இப்போது என் பணம் அதிகம் போவது டிஸ்கோடெக் மீடியாவுக்கு. பழைய தொடர்களுக்கு உயர் தெளிவு மாஸ்டர் இல்லையென்றால், சாதாரணத் தெளிவிலேயே டஜன் கணக்கான எபிசோடுகளை ஒரே புளூரே டிஸ்க்கில் ஏற்றித் தருகிறார்கள். அலமாரியில் இடமும் மிச்சம், பணமும் மிச்சம். சப்டைட்டிலில் அக்கறை தெரியும்.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு: பெட்டியின் பின்பக்கத்தை முழுதாகப் படியுங்கள். எத்தனை எபிசோடு, எந்தெந்த ஒலி, சப்டைட்டில் உண்டா, எந்த ரீஜன் என்பவற்றைப் பார்த்த பிறகே விலையைப் பாருங்கள். 'பாகம் 1' என்று போட்டிருந்தால் பாகம் 2 வரும் தேதி அறிவித்தாயிற்றா என்று தேடுங்கள். லிமிடெட் எடிஷன் என்ற சொல்லுக்காக அவசரப்பட வேண்டாம், பெரும்பாலான தொடர்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டில் எளிய பதிப்பு வரும். ஆனால் சின்ன நிறுவனம் வெளியிட்ட பழைய தொடர் என்றால் தள்ளிப்போடாதீர்கள். உரிமக் காலம் முடிந்தால் மறுபதிப்பு நின்றுவிடும், அப்புறம் பழைய பிரதி விற்கிறவர் சொல்வதுதான் விலை. பழையதை வாங்கும்போது டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெட்டியை மட்டும் காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள். ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தால் ரீஜன் பூட்டு இல்லாத பிளேயர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அண்ணன் மகனுக்கு அடுத்த முறை அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அந்த செட்டை இரண்டு தடவை பார்த்து முடித்துவிட்டான்.